ஸ்பிரிட்டினால் உண்டாகும் புழு

2009ஆம் ஆண்டு மார்ச் பதினேழாம் தேதி, கேமரூன் நாட்டில் சனாகா ஆற்றின் வலது கரையிலுள்ள பலகோனோ கிராமத்தில், முப்பத்தெட்டுப் பேரின் இடுப்பிலிருந்து மிளகளவு தோல் கிள்ளி எடுத்துச் சோதிக்கப்பட்டது. ஒருவர் தோலிலும் புழு இல்லை.

அதற்கு முந்தைய சோதனையில் ஏறத்தாழ எல்லோரிடமும் இருந்தது.

சோதனை எளியது. இடுப்பெலும்புக்கு மேலே தோலைத் துடைத்து, சின்னக் குறட்டால் கிள்ளி, உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழியில் போட்டுக் காத்திருக்க வேண்டும். தோலில் குடியிருக்கும் குஞ்சுப் புழுக்கள் தாமாகவே வெளியே நீந்தி வரும், நுண்ணோக்கியில் எண்ணிக்கொள்ளலாம். வழக்கமாக ஸ்பிரிட்டால் துடைத்து, அது உலர்ந்த பிறகு கிள்ளுவார்கள். அந்த வருடம் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட் இல்லை. வந்திருந்தது, ஆனால் கிறிஸ்துமஸும் வந்திருந்தது. ஆகவே நர்ஸ் பெலஜி அலமாரியில் மிச்சமிருந்த அயோடினை எடுத்துத் தாராளமாகப் பூசினாள். குழிகளில் இருந்த தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தது. அதில் எந்தப் புழுவும் நீந்தவில்லை. அயோடினில் எதுவும் நீந்தாது.

அந்த முப்பத்தெட்டுப் பேரில் அனிசே எம்புத்துவும் ஒருவன். நாற்பத்து நான்கு வயது. பலகோனோ துறையில் ஓடம் விடுகிறவன். துறைக்குச் சற்று மேலே ஆறு பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த நுரையில்தான், மூத்-மூத் என்று ஊர் சொல்கிற கறுப்பு ஈ முட்டையிடும். ஓடக்காரனைக் காலையிலிருந்து மாலைவரை கடிக்க அதற்கு உரிமை உண்டு. கடியோடு புழு இறங்கும். புழு தோலுக்கடியில் குடும்பம் நடத்தும். குஞ்சுகள் கண்ணுக்கு ஏறும். அனிசேயின் இடது கண் எப்போதோ வெளுத்துவிட்டது. வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் பாறைகளுக்கு நடுவே ஓடத்தை நுழைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு கண்ணும் பிழைத்திருந்ததற்குக் காரணம் வருட மாத்திரை. மழைக்கு முன்னால் ஒரு நாள், ஊர்க்காரர் ஒருவர் கோடு போட்ட நெட்டைக் கழியோடு வீடு வீடாக வருவார். ஆளைக் கழியோரம் நிறுத்துவார். தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதற்கேற்ற மாத்திரை. தாய்ப் புழுவை அது ஒன்றும் செய்யாது. குஞ்சுகளை மட்டும் ஒரு வருடத்துக்கு அடக்கிவைக்கும். விலை கிடையாது, ஆகவே கடையிலும் கிடையாது.

"டாக்டரம்மா, எனக்கு எத்தன?" என்று பெலஜியிடம் கேட்டான். நர்ஸையும் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணுமில்லண்ணே. சுத்தம்."

"போன தடவ நாப்பதுன்னு சொன்னீங்களே. அத்தனையும் எங்க போச்சு?"

"போனதுக்குச் சந்தோசப்படுவியா, இல்ல காணோம்னு போலீசுல எழுதிக் குடுப்பியா?"

"ராத்திரி பூரா சொறிஞ்சுகிட்டுத்தானே கெடக்கேன்!"

"அது பழக்க தோசம்ண்ணே. நம்ம தலைவருங்க பேசுறத நிறுத்துறாங்களா? அதுமாதிரி."

பெலஜிக்குப் பொய் சொல்லும் எண்ணமே இல்லை. குழியில் கண்டதைச் சொன்னாள்.

தலைநகர் யாவுண்டேயில் ஆற்றங்கரை நோய்கள் உயர் ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருந்தது. பதினோரு வருடங்களாக இயங்கி வந்தது. மேலும் ஆய்வு தேவை என்பதே அதுவரை அதன் முதன்மையான கண்டுபிடிப்பு. பலகோனோவின் பூஜ்யம் அதன் இயக்குநர் பேராசிரியர் இலாரியோன் மெங்காத்தாவின் மேசைக்கு வந்தபோது, அவர் அதைத் தவறாக இருக்குமோ என்று சந்தேகிக்கவில்லை. பூஜ்யத்துக்கு ஒரு காரணம் தேடினார். கழுத்துக் கழலைக்காக முந்தைய வருடம் அந்தக் கிராமத்துக்கு அயோடின் கலந்த உப்பு இலவசமாக வழங்கப்பட்டிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. நாடு முழுக்க அதே உப்புதானே விற்கிறது என்று ஒரு சக ஊழியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பலகோனோ மக்கள் அதை நம்பிக்கையோடு சாப்பிட்டிருக்கிறார்கள்" என்றார் பேராசிரியர்.

ஏப்ரலில் அவர் மூன்று வண்டிகளோடு ஊருக்கு வந்து மாமரத்தடியில் பேசினார்.

"பலகோனோ பெருமக்களே! ஆற்றுக் குருடு என்ற கொடிய நோய்க்கும் அயோடினுக்கும் உள்ள உறவை உலகுக்கு அறிவிக்க இயற்கை உங்கள் இடுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்த வெற்றி எங்கள் நிறுவனத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. ஜூனில் எங்கள் நிதி முடிவதாக இருந்தது. இனி முடியாது."

கைதட்டினார்கள். அனிசே எழுந்து, "மாத்திர எப்பங்க ஐயா வரும்?" என்று கேட்டான்.

பேராசிரியர் கனிவோடு சிரித்தார். "வராது. வரவும் கூடாது. மாத்திரை கொடுத்தால், புழு போனது உப்பாலா மாத்திரையாலா என்று நாளைக்கு உலகம் கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் இடம் வைக்கக் கூடாது. தம்பி, உன் உடம்பு இனிமேல் உன்னுடையது மட்டுமல்ல. அது ஒரு சான்று."

சான்றுக்கு இரண்டு பாக்கெட் உப்பு கொடுத்தார்கள்.

ஒரு மழைக்காலம் போனது, அடுத்ததும் வந்தது. அனிசேயின் மனைவி சிதோனி துறையில் சுட்ட மீன் விற்கிறவள். ஒரு மாலை, அவன் கள்ளைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏய்யா, மேசைக்கும் தாகமா?"

"வெளிச்சம் போயிருச்சுல்ல."

"வெளிச்சம் இங்கதான் இருக்கு. நீதான் போய்க்கிட்டு இருக்க. நேத்து துறையில இறங்கறதுக்குள்ள ரெண்டு தடவ பாறையில முட்டுனியாமே? பாதிரியாரு அங்கிய நனைச்சுட்டு வந்து எங்கிட்ட சொல்றாரு."

"தண்ணி ஏறியிருக்கு. பாறை மறைஞ்சு கெடக்கு."

"பாறை மறையுதா, கண்ணு மறையுதான்னு எனக்குத் தெரியாதாக்கும்! உப்பு போடுறாங்களாம் உப்பு. மீனுக்குப் போட்டாலும் கருவாடாகும். ஒன் புழு என்ன ஆச்சு? நல்லா ருசியாயிருக்குன்னு தின்னுட்டு ஒக்காந்திருக்கு."

சந்தையில் மாட்டுக்குப் போடுகிற ஊசியில் அதே மருந்துதான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அனிசே போய்க் கேட்டான். மேய்ச்சல்காரர்களுக்கு மருந்து விற்கும் அல்ஹாஜி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாலு காலு இருந்தா போட்டுடுவேன் தம்பி. ரெண்டு காலுக்குப் போட்டு நீ செத்துட்டா, என்னைய ஆளாளுக்கு ரெண்டு காலால மிதிப்பாங்க" என்றான்.

அதன் பிறகுதான் அனிசே லாரி ஏறி யாவுண்டே போனான். நிறுவனத்தின் வாசலில் அவனைத் தடுக்கவில்லை. பலகோனோ என்று சொன்னதும் நாற்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். இரண்டு ஊழியர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

அனிசே சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். அது முதலைத் தோலாக இருந்தது.

"ஐயா, அரிக்குது. கண்ணும் போய்க்கிட்டு இருக்கு. மாத்திர குடுங்க."

"அரிக்கிறது என்று நீ சொல்கிறாய். அதை நான் மறுக்கவில்லை" என்றார் பேராசிரியர். "ஆனால் சொறிவது சான்று ஆகாது. நாங்கள் இதையும் ஆராய்ந்துவிட்டோம். பல தலைமுறையாகப் புழுவோடு வாழ்ந்த தோல், புழு போன பிறகும் அதை நினைத்துக்கொள்கிறது. இதற்குப் புழு நினைவு என்று பெயரிட்டிருக்கிறேன். கட்டுரை அடுத்த மாதம் வருகிறது."

"கண்ணுங்க ஐயா?"

"கண்ணுக்கும் நினைவு உண்டு."

வெளியே வந்து, பாதை கேட்டுக் கேட்டு, பாதிரியார்கள் நடத்தும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்த டாக்டர் அதிகம் பேசாதவர். அவன் தாடையை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்.

"அசையாத. ம்ம்... நீந்துது."

"எதுங்க?"

"புழுதான். ஒண்ணு ரெண்டு இல்ல."

அனிசேக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை. "அப்படியே எழுதிக் குடுங்க டாக்டரே. கொண்டு போயி அவங்க மூஞ்சியில காட்டுறேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "எந்த ஊரு?"

"பலகோனோ."

டாக்டர் பேனாவை மூடினார். "அந்த ஊர்ல இந்த நோய் கெடையாதேப்பா."

"இப்பத்தானே பாத்தீங்க!"

"பாத்தேன். பாத்தத எழுதணும்னா நீ வேற ஊர்க்காரனா இருக்கணும். அங்க நோய் இல்லன்னு மந்திரி கையெழுத்துப் போட்டாச்சு. நான் எதிர்த்து எழுதுனா, எனக்கு வர்ற லென்சு பெட்டி துறைமுகத்துலயே கெடக்கும். இங்க வாரத்துக்கு இருநூறு பேரு வர்றாங்க." பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "இன்னும் நாலஞ்சு மாசத்துல மாத்திர போட்டீன்னா இந்தக் கண்ணு நிக்கும். அதுக்கப்புறம் போட்டும் பிரயோசனமில்ல. நிறுவனத்துல லிதின்னு ஒரு பொண்ணு, பரிசோதனைக் கூடத்துல இருக்கு. எங்கூடப் படிச்சது. அதுகிட்ட வாயால சொல்றேன். வாயால சொல்றதுக்குக் கையெழுத்து வேணாம்."

இரண்டு வாரத்தில் லிதி வந்தாள். பையில் இரண்டு பாட்டில் ஸ்பிரிட்டைப் பூட்டிக் கொண்டுவந்தாள். பூட்டின் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அதே ஆட்களை வரிசையில் நிறுத்தி, துடைத்து, உலரவிட்டு, கிள்ளினாள். மத்தியானத்துக்குள் குழிகளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அனிசேயைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். வலது கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் ஏதோ நெளிந்தது.

"என்னோடதா?"

"ஒங்களோடதுதான்."

"நல்லாத்தான் வளத்திருக்கேன்" என்றான்.

ஊரே நிம்மதியானது. அன்று சாயங்காலம் சோளக் கூழும் கடலைக் குழம்பும் செய்து லிதிக்கு விருந்து வைத்தார்கள். தங்களுக்கு நோய் இருப்பது உறுதியானதைக் கொண்டாடி ஒரு ஊர் ஆடியது அதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில் நடந்ததில்லை.

லிதியின் முடிவை ஆராய நிறுவனம் ஒரு குழு அமைத்தது. கடற்கரை நகரமான கிரிபியில், நீச்சல் குளம் உள்ள ஓட்டலில், குழு மூன்று நாள் கூடியது. மூன்றாம் நாள் பேராசிரியர் மெங்காத்தா எழுந்து பேசினார்.

"ஒரே ஆட்கள். ஒரே இடுப்பு. ஒரே குறடு. அயோடினால் துடைத்தபோது புழு இல்லை. ஸ்பிரிட்டால் துடைத்தபோது புழு இருக்கிறது. நண்பர்களே, மாறியது எது? ஆள் மாறவில்லை. ஆறு மாறவில்லை. துடைத்த திரவம் மாறியது. ஆகவே புழு எங்கிருந்து வருகிறது என்பது பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். ஸ்பிரிட்டிலிருந்து."

யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். பிறகு எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

லிதி எழுந்தாள். "ஐயா, அயோடின் குழிக்குள்ள கலந்து புழுவைக் கொன்னுடுது. செத்த புழு வெளிய நீந்தி வராது. அதனாலதான் பூஜ்யம். வேற ஒண்ணுமே இல்ல."

பேராசிரியர் அவளை அன்போடு பார்த்தார். "அயோடின் புழுவைக் கொல்கிறது என்கிறீர்கள்."

"ஆமாங்க ஐயா. ஆனா குழியில—"

"அயோடின் புழுவைக் கொல்கிறது. நம்முடைய கருதுகோளே அதுதான். தோழி லிதி அதை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. ஏகமனதாக நிறைவேறியது."

'ஸ்பிரிட்டினால் உண்டாகும் புழு' என்ற புதிய வகையைக் குழு அங்கீகரித்தது. அதற்கு லத்தீன் பெயர் வைக்க ஒரு துணைக்குழு அமைத்தது. தோலைத் துடைக்க இனி நாடெங்கும் அயோடினை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. லிதியை உப்புக் கிடங்கின் பொறுப்பாளராக உயர்த்தினார்கள். கிடங்கு நாட்டின் மறுகோடியில் இருந்தது.

சுற்றறிக்கை போன இடமெல்லாம் நோய் மறைந்தது. ஒவ்வொரு கிராமமாகச் சுத்தமானது. ஆற்றோரமாகக் கீழ்நோக்கி அது இறங்கிய வேகத்தைப் பார்த்து வெளிநாட்டு வல்லுநர்கள் வியந்தார்கள்.

கண் டாக்டர் சொன்ன நாலஞ்சு மாதத்தில் பாதி போய்விட்டது. எதிர்க்கரையிலுள்ள ஒன்தோ கிராமத்துக்கு இன்னும் அயோடின் போகவில்லை என்று கேள்விப்பட்டு, அனிசே விடியற்காலையில் ஓடத்தை எடுத்தான். சிதோனியும் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "வலது பக்கம்... இன்னும் வலது... ஐயோ, ஒன் வலது இல்ல, என் வலது!" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒன்தோவில் மாத்திரை கொடுக்கிறவன் சக்கரி. அனிசேயோடு ஒன்றாக மீன் பிடித்தவன். கோழிச் சண்டையில் பந்தயம் கட்டித் தோற்றவன். அவன் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததுமே சிதோனி நின்றுவிட்டாள். அளவுக்கழி ஒரு வாழைமரத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

"சக்கரி, என்ன மச்சான் இது?"

"வா மச்சான். போன வாரம் நாங்களும் சுத்தமாயிட்டோம்." சக்கரி இடுப்பைக் காட்டினான். அயோடின் கறை இன்னும் போகவில்லை. "பதினாறு வருசம் இந்தக் கழியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். திடீர்னு வேலையில்ல. வாழைக்காவது ஆகட்டும்னு நட்டு வெச்சேன்."

"மாத்திர? மிச்சம் மீதி?"

"டப்பாவோட வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு கூட விட்டு வெக்கல. இருந்தா நோய் இருக்குன்னு அர்த்தமாகுமாம்."

"ஒனக்கு அரிக்கலியா?"

சக்கரி முதுகை வாழைமரத்தில் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கா? இல்லியே. நினைவுதான்."

திரும்பி வரும்போதும் சிதோனிதான் வழி சொன்னாள்.

அந்த நிலைமையில்தான் ஃபுல்பேர் வந்தான். பேராசிரியரின் உதவியாளன். மெலிந்த ஆள். வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லோரிடமும் இரக்கமாகப் பேசுவான். சனாகா பள்ளத்தாக்கு நோயிலிருந்து விடுபட்ட விழா பலகோனோவில் நடக்கப்போவதாகச் சொன்னான். துணை ஆட்சியர் வருகிறார். விழாவின் முடிவில், வழக்கம்போல, அரசுத் தலைவருக்கு ஊர் சார்பில் நன்றித் தீர்மானம் வாசிக்க வேண்டும். அந்த நாட்டில் கிணற்றுக்கு மூடி போட்டாலும் நன்றித் தீர்மானம் வாசிக்காமல் கூட்டத்தைக் கலைக்க முடியாது.

"வழக்கமா பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிப்பாரு. ஆனா பேராசிரியருக்கு ஒரு ஆசை. இந்த நோய்லேருந்து மீண்டு வந்த ஒருத்தரு வாசிச்சா நல்லாருக்கும்னு. ஞாயித்துக்கெழம கோயில்ல நீங்கதான் வேதம் வாசிக்கிறீங்களாமே அண்ணே. கணீர்னு இருக்குமாம்."

அது உண்மை. பதினைந்து வருடமாக அவன்தான் வாசகன். கடைசி ஒரு வருடமாக நடந்துவந்தது வேறு. சனிக்கிழமை சிதோனி அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை அவன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லுவான். பக்கத்தைப் புரட்டுவது சில சமயம் மறந்துபோகும். சபையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"வாசிக்கிறேன். எனக்கு மாத்திர குடுப்பீங்களா?" என்றான் அனிசே.

ஃபுல்பேர் அக்கம்பக்கம் பார்த்தான். "நிறுவனத்துல கடைசி டப்பா ஒண்ணு இருக்கு. கண்ணாடிப் பெட்டியில வெச்சு, மக்கள் ஒரு காலத்துல இதத்தான் தின்னாங்கன்னு காட்டப்போறாங்க. அதுல நாலு மாத்திர எடுத்தா யாருக்குத் தெரியும்? விழா முடிஞ்சதும் ஒங்க கையில. என் அம்மா மேல சத்தியம்."

"மொதல்ல குடுத்தா என்னவாம்?" என்று சிதோனி உள்ளேயிருந்து கேட்டாள்.

"அக்கா, கூலி வேலைக்குப் பின்னாலதானே?"

"ஆமா. நோய்தான் வேலைக்கு முன்னாலயே போயிருச்சு."

எழுதிய காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு வாரம் முழுக்க, மீன் சுட்டுக்கொண்டே சிதோனி வாசித்தாள். அனிசே திருப்பிச் சொன்னான். "எல்லையற்ற ஞானமும் அயராத விழிப்பும் கொண்ட எங்கள் தேசத் தந்தையே, தங்கள் பார்வை பட்டதால் எங்கள் பார்வை மீண்டது..."

"பார்வை பட்டதால்" என்ற இடத்தில் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் இருமல் வரும். புகையினால் என்பாள்.

விழா நாள் காலை ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். துணை ஆட்சியர் ஒன்றரைக்கு வந்தார். வெள்ளைச் சீருடை, பொன் இழை, வெள்ளைத் தொப்பி. அதுவரை வெயிலில் நின்ற பள்ளிக் குழந்தைகளில் இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பாடினார்கள். பந்தலுக்குள் மூத்-மூத் தாராளமாக இருந்தது. அதிகாரிகள் நிகழ்ச்சி நிரலை விசிறியாக்கி அடித்துக்கொண்டார்கள்.

துணை ஆட்சியர் பேசினார்: "இந்த ஈ இனி வெறும் ஈ. அது கடித்தால் நீங்கள் அஞ்ச வேண்டாம், பெருமைப்படுங்கள். என்னையே பாருங்கள். வந்து ஒரு மணி நேரத்தில் பதினைந்து இடத்தில் கடித்துவிட்டது. நான் முறையிட்டேனா? அரசுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னேனா?"

பேராசிரியர் பேசினார்: "சிலர் கேட்கிறார்கள், இது உண்மையா என்று. உண்மை என்பது தனி மனிதன் சொல்வதல்ல. நிறுவனம் மூன்று முறை அச்சிட்டது எதுவோ, அதுதான் உண்மை. நாம் நான்கு முறை அச்சிட்டிருக்கிறோம்."

கடைசியில் அனிசேயை அழைத்தார்கள். சிதோனி தைத்துக்கொடுத்த புதுச் சட்டையில் அவன் மேடைக்கு வந்தான். ஒரு படி இடறியது, சமாளித்துக்கொண்டான். ஃபுல்பேர் பட்டு நாடா கட்டிய ஒரு ஃபைலை அவன் கையில் கொடுத்தான்.

முந்தைய நாள் மாலை அமைச்சருக்குப் புதிய பதக்கம் அறிவித்திருந்தார்கள். ஆகவே துணை ஆட்சியர் அலுவலகத்தில் தீர்மானத்தைத் திருத்தி எழுதியிருந்தார்கள். மூன்றாம் பத்தியில் பதக்கம் சேர்ந்திருந்தது. நான்காம் பத்தியில், யாரும் கேட்காமலே, துணை ஆட்சியரின் பெயரும் சேர்ந்திருந்தது. ஃபைலில் இருந்தது அந்தப் பிரதி. வாசிக்கத் தெரிந்த ஆள்தானே என்று ஃபுல்பேர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அனிசே ஃபைலை விரித்தான். வெள்ளையாக இருந்தது. தலை நிமிர்ந்து ஆரம்பித்தான். குரல் கணீரென்றுதான் இருந்தது. தேசத் தந்தையின் ஞானம், விழிப்பு, பார்வை எல்லாம் தடையில்லாமல் போயின. மூன்றாம் பத்தியில் பதக்கம் வரவில்லை. நான்காம் பத்தியில் துணை ஆட்சியர் தன் பெயரைக் கேட்கத் தயாராகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெயர் வரவில்லை. தீர்மானம் முடிந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை.

"மூன்றாம் பத்தியைத் திரும்ப வாசி" என்றார் துணை ஆட்சியர்.

அனிசே திரும்ப வாசித்தான். பதக்கம் அப்போதும் வரவில்லை.

"உன் கையில் இருப்பதை வாசி! உனக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது?"

அனிசே ஃபைலை முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். பிறகு இறக்கினான்.

"தெரியலீங்க ஐயா. எனக்குக் கண்ணு தெரியல."

பந்தலில் விசிறிகள் நின்றன. ஈக்கள் மட்டும் வேலை செய்தன.

துணை ஆட்சியர் மெதுவாகப் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "இந்த ஊரில் கண் தெரியாதவர் உண்டா?"

"இல்லை" என்றார் பேராசிரியர். "இருக்க வாய்ப்பே இல்லை."

"அப்படியானால் இவன் வேண்டுமென்றே அமைச்சரின் பதக்கத்தை மறைத்திருக்கிறான். அரசின் பிரதிநிதியையும் மறைத்திருக்கிறான். இது யாருடைய தூண்டுதல்?" இரண்டு போலீஸ்காரர்கள் பந்தலோரத்திலிருந்து கிளம்பினார்கள்.

பேராசிரியர் கெட்டவர் அல்ல. அவருடைய கண்டுபிடிப்பின் முகம் விலங்கு மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுவதை அவர் விரும்பவில்லை. அவசரமாக எழுந்தார். "மன்னிக்க வேண்டும். இதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது. இவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். படிக்கத்தான் தெரியாது."

துணை ஆட்சியரின் முகம் தெளிந்தது. "எழுத்தறிவில்லாதவனா? அப்படியானால் இது குற்றமல்ல, குறை. அதற்கு அரசிடம் திட்டம் இருக்கிறது."

"ஐயா, பதினஞ்சு வருசமா கோயில்ல நான்தான்—" என்று அனிசே தொடங்கினான்.

ஃபுல்பேர் அவன் முழங்கையைப் பிடித்தான். "ஆமான்னு சொல்லிடுங்கண்ணே. ஜெயில்ல போட்டா யாரு வந்து பாப்பா? படிக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க. ஒரு வார்த்த."

அனிசே கூட்டத்தின் பக்கம் திரும்பினான். சிதோனி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவள் இருமலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"படிக்கத் தெரியாதுங்க ஐயா" என்றான்.

இப்போது கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபுல்பேரைத் தேடிக்கொண்டு சிதோனி வண்டிகளிடம் போனாள். அவன் கண்ணாடியைப் பாதி இறக்கி, தீர்மானம் முறைப்படி வாசிக்கப்படாததால் மாத்திரைப் பேச்சுக்கு இடமில்லை என்றும், தன் வேலையே ஊசலாடுகிறது என்றும் சொன்னான். "ஒங்கம்மா மேல சத்தியம் பண்ணியேடா" என்றாள் சிதோனி. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று சொல்லிவிட்டு அவன் கண்ணாடியை ஏற்றினான்.

அடுத்த வாரம் முதல் அனிசே எம்புத்து, வாரம் மூன்று மாலை, பள்ளிக்கூடத்தில் நடந்த முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் அபராதம். சிதோனி கையைப் பிடித்துக்கொண்டுபோய் முதல் பெஞ்சில் உட்காரவைப்பாள். வாத்தியார் கரும்பலகையில் எழுதி, இது என்ன எழுத்து என்று கேட்பார். அனிசேக்குப் பலகை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வாத்தியாரின் குரலை வைத்துத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் தவறாகச் சொன்னான்.

செப்டம்பரில் ஓடத்தைச் சக்கரியின் மருமகனுக்கு விற்றார்கள். அக்டோபர் முடிவதற்குள் அவனுக்குப் பகலும் இரவும் ஒன்றாயின.

நிறுவனத்தின் அந்த வருட அறிக்கையில் பலகோனோவைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. ஆற்றுக் குருடு: இல்லை. எழுத்தறிவில்லாதோர்: ஒருவர்.